கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையின் பற்றாக்குறை: நான்கு வழிகளில் எதைத் தேர்வது?

"அடுத்த வருடம் கட்டணம் கூடுமாமே?" "நான்காம் தரத்தின் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கப் போகிறார்களாம்." "பாடசாலையையே மூடப்போவதாகக் கேள்வி, உண்மையா?" மட்டக்களப்பில் துறவற சபைகளும் பங்குகளும் நடத்தும் சிறிய ஆரம்பப் பாடசாலைகளைச் சுற்றி இப்படிப்பட்ட கேள்விகள் எழுகின்றன. செய்தி வாசலில் பிறந்து, முச்சக்கர வண்டியில் ஏறி, மாலைக்குள் கல்லடிப் பாலம் தாண்டிவிடுகிறது. கணக்கு மட்டும் அலுவலக அலுமாரியை விட்டு வெளியே வருவதில்லை.

என்னிடம் கேட்பவர்களில் பெற்றோரும் இருக்கிறார்கள், பங்கு நிதிக்குழுவில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் கேட்பது ஒன்றைத்தான்: பற்றாக்குறையை அடைக்க நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன, எதற்குக் கை தூக்குவது? கட்டணத்தை உயர்த்துவது, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களிடம் கேட்பது, வகுப்புகளை இணைத்து ஆசிரியர் தொகையைக் குறைப்பது, ஆரம்பப் பிரிவை நிறுத்திவிட்டு முன்பள்ளியை மட்டும் நடத்துவது. நான்கிலும் நியாயம் உண்டு. நான்கிலும் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத செலவும் உண்டு.

## இந்தப் பாடசாலைகளுக்கு ஏன் அரசு சம்பளம் தருவதில்லை

பலருக்கு இதில் குழப்பம். "புனித மிக்கேல் கல்லூரியும் கத்தோலிக்கப் பாடசாலைதானே, அங்கே கட்டணம் இல்லையே" என்கிறார்கள். இலவசக் கல்வி 1945இல் வந்தது. அதன் பின்னும் மிஷன் பாடசாலைகள் அரசின் உதவிப் பணத்துடன் இயங்கிவந்தன. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அந்த ஏற்பாட்டுக்கு முடிவு கட்டின; உதவி பெற்ற பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் நிருவாகத்துக்குள் போயின. 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி இன்று தேசியப் பாடசாலை. புனித சிசிலியா பெண்கள் கல்லூரியும் அரச பாடசாலையே. பெயரில் புனிதர் இருக்கிறார். சம்பளப் பட்டியல் அரசினுடையது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் எவரும் புதிதாகப் பாடசாலை தொடங்க முடியாது. பின்னாளில் வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானதற்குக் காரணம் இதுவே. சட்டத்துக்குப் பிறகு சிறிய அளவில் ஒரு ஆரம்பப் பாடசாலை தொடங்க நினைத்த சபைகளுக்கும் அதுதான் வழி. அந்தக் காலத்திலேயே தனியாராக நின்றுவிட்ட பழைய பாடசாலைகள் சிலவற்றில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. கம்பனியாகப் பதிவான பாடசாலையில் சம்பளம் முதல் சோக்கட்டி வரை எல்லாம் கட்டணத்திலிருந்துதான். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

## எதை வைத்து நிறுப்பது

முதல் அளவுகோலே முக்கியமானது. வரும் பணமும் போகும் பணமும் ஒரே வகையா? சம்பளம் மாதாமாதம் போவது. கூரை பத்து வருடத்துக்கு ஒரு முறை போவது. மாதாந்த ஓட்டையை ஒரே தடவை வரும் பணத்தால் அடைத்தால் அடுத்த வருடம் அதே கூட்டத்தை, அதே நாற்காலிகளில் அமர்ந்து மீண்டும் நடத்த வேண்டும். நான் பார்த்த பிழையான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிழைத்தன.

இரண்டாவது, சுமை யார் தலையில் விழுகிறது. மூன்றாவது, வகுப்பறைக்குள் பிள்ளைக்கு என்ன மாறுகிறது. நான்காவது, முடிவு பிழைத்தால் திரும்பி வர முடியுமா. கட்டணத்தை அடுத்த தவணையில் குறைத்துவிடலாம். மூடிய ஆரம்பப் பிரிவைத் திறப்பது அப்படியல்ல.

## ஒரு மாதிரிக் கணக்கு

எண்கள் இல்லாமல் பேசினால் குரல் உயர்ந்தவர் பக்கம்தான் கூட்டம் சாயும். ஆகவே ஒரு கற்பனைப் பாடசாலையை எடுத்துக்கொள்வோம். 180 பிள்ளைகள், மாதக் கட்டணம் 4,000 ரூபாய், ஆசிரியர் 11 பேர், மற்றைய ஊழியர் 4 பேர்.

ஆசிரியருக்குச் சராசரி 42,000, மற்றவர்களுக்கு 32,000 என்றால் சம்பளம் 5,90,000. அதன் மேல் தொழில் கொடுப்பவரின் பங்கு: ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், சேர்த்து 88,500. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம். அதற்கென்று மாதம் 24,600 ஒதுக்கினால்தான் ஒருவர் ஓய்வு பெறும் நாளில் கை பிசைய வேண்டி வராது. இந்த வரி பெரும்பாலான வரவு செலவுத் திட்டங்களில் இருப்பதே இல்லை. மின்சாரம், நீர், தொலைபேசிக்கு 35,000. கடதாசி, அச்சுக்கு 30,000. திருத்த வேலைக்கு 25,000. மொத்தச் செலவு 7,93,100.

எல்லோரும் கட்டினால் வரவு 7,20,000. எல்லோரும் கட்டுவதில்லை. நூற்றுக்கு எண்பத்தைந்து வீதம் வசூலானால் 6,12,000. மாதப் பற்றாக்குறை 1,81,100.

அந்தப் பற்றாக்குறையில் 1,08,000 வெறும் நிலுவை. கட்டணம் போதாமையால் வந்தது 73,100 மட்டுமே. ஓட்டையின் பெரிய பாதி கட்டணத்தின் அளவில் இல்லை, வசூலில் இருக்கிறது. உங்கள் பாடசாலையின் விகிதம் வேறாக இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத எந்தக் கணக்கையும் பெற்றோர் ஏற்கத் தேவையில்லை.

செலவு கூடியதற்கு நிருவாகத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. பிற்பாடு குறைத்தாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 17,500இலிருந்து 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. கூட்டித் துடைக்கும் அம்மாவுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். காவலாளி சம்பளம் வேறு. 2019 உயிர்த்த ஞாயிறன்று சியோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. வாசலில் ஆள் வேண்டாம் என்று சொல்ல இங்கே எந்தத் தாய்க்கு மனம் வரும்?

## வழி 1: கட்டணத்தை உயர்த்துவது

எளிதாகத் தோன்றுவது இதுதான். 4,000ஐ 4,800 ஆக்கினால் 180 பிள்ளைகளுக்கு மாதம் 1,44,000 கூடுதல் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்கள். எழுதியபடி நடப்பதில்லை.

கட்டணம் ஏறியதும் பதினைந்து பிள்ளைகள் விலகுகிறார்கள் என்று வையுங்கள். 165 பேர், 4,800 ரூபாய், அதே 85 வீத வசூல்: 6,73,200. பற்றாக்குறை 1,19,900 ஆகக் குறைகிறது. ஆனால் கட்டணம் ஏறினால் நிலுவையும் ஏறும். வசூல் 80 வீதத்துக்கு இறங்கினால் வரவு 6,33,600தான். இவ்வளவு சச்சரவுக்கும் கிடைத்த மேலதிகம் மாதம் 21,600 ரூபாய். இரண்டு பேரின் கோபத்துக்குக்கூட அது ஈடாகாது.

விலகும் பிள்ளைகளின் இடத்துக்குப் புதியவர்கள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் இனிச் சரிவராது. இலங்கையில் 2012 அளவில் வருடத்துக்கு மூன்றரை இலட்சம் பிள்ளைகள் பிறந்தார்கள். 2023இல் அது இரண்டரை இலட்சத்துக்கும் கீழே போய்விட்டது. அந்த வருடத்துப் பிள்ளைகள் தரம் 1க்கு வரும்போது எல்லாப் பாடசாலை வாசலிலும் வரிசை குறைந்திருக்கும்.

இனி நிலுவைக்கு வருவோம். இந்த ஊரில் நிலுவைக்குப் பருவம் உண்டு. கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது: அனுமதிக் கட்டணம், புத்தகம், சப்பாத்து எல்லாம் ஒரே மாதத்தில். அதே மாதத்தில் நாவலடியிலும் பாலமீன்மடுவிலும் வாடைக் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். படுவான்கரையில் மாரி வெள்ளாமை பச்சையாக வயலில் நிற்கும். அறுவடை பெப்ரவரி, மார்ச்சில்தான். அலுவலக ஜன்னலில் நின்று ஒரு தாய், "கடல் அடங்கினதும் கட்டிவிடுகிறேன், சிஸ்டர்" என்று சொல்வது சாக்குப்போக்கு அல்ல. அவருடைய வீட்டு நாட்காட்டி அப்படி.

மாதம் பத்தாம் திகதிக்குள் கட்ட வேண்டும் என்ற விதி அரச உத்தியோகத்தருக்கு எழுதப்பட்டது. கடலையும் வயலையும் நம்பிய குடும்பத்திடம் அதே விதியைப் பிடித்தால் ஜனவரியில் நிலுவை, பெப்ரவரியில் இரட்டை நிலுவை, மார்ச்சில் வெட்கம், ஏப்ரலில் பிள்ளை வேறு பாடசாலையில். மாறாக, விவசாயக் குடும்பம் மார்ச்சிலும் சிறுபோக அறுவடைக்குப் பிறகு செப்டெம்பரிலும் இரண்டு பெரிய தவணையாகக் கட்டலாம் என்றும், மீனவக் குடும்பத்துக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை அரைக் கட்டணம், மீதி கடல் கொடுக்கும் மாதங்களில் பகிர்ந்து என்றும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் வசூல் உயரும். அதிலும் ஒரு செலவு மறைந்திருக்கிறது: ஜனவரிச் சம்பளத்துக்குக் கையில் இரண்டு மாதக் கையிருப்பு வேண்டும். அதை எங்கே பெறுவது என்பதற்கு இரண்டாம் வழியில் இடம் உண்டு.

வசூலை 95 வீதமாக்கினால் கட்டணத்தைத் தொடாமலே வரவு 6,84,000. 800 ரூபாய் ஏற்றி, பதினைந்து பிள்ளைகளை இழந்து பெற்றதை விட இது 10,800 ரூபாய் அதிகம். அதோடு கட்டணத்தை 4,400 ஆக்கி, ஐந்து பிள்ளைகள் விலகினார்கள் என்று எடுத்தாலும் வரவு 7,31,500; பற்றாக்குறை 61,600க்கு இறங்குகிறது.

கட்டணச் சலுகை கேட்பவரை எப்படி அறிவது என்பது கடினமான பகுதி. சம்பளச் சான்றிதழ் கேட்டால் கூலி வேலை செய்பவர் என்ன கொண்டுவருவார்? அதிபரும் வகுப்பாசிரியரும் கூட்டத்துக்கு வெளியே, கதவைச் சாத்திக்கொண்டு தீர்மானிப்பதே நல்லது. நிலுவைப் பெயர்களை அறிவித்தல் பலகையில் ஒட்டும் வழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிட வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை வாசிக்கத் தெரிந்த பிள்ளை.

*இந்த வழி பொருந்துமிடம்:* பிள்ளைகளின் தொகை நிலையாக இருந்து, பெற்றோரில் பாதிக்கு மேற்பட்டோர் மாதச் சம்பளக்காரராக இருக்கும் நகர்ப்புறப் பாடசாலை.

## வழி 2: வெளிநாட்டுப் பணமும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளும்

டொரொன்டோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் பழைய மாணவர் இருக்கிறார்கள். கேட்டால் கொடுப்பார்கள். எதற்குக் கொடுப்பார்கள் என்பதுதான் கேள்வி.

கட்டடத்துக்குக் கொடுப்பார்கள், பெயர்ப்பலகை வைக்க இடம் இருப்பதால். கணினி அறைக்குக் கொடுப்பார்கள். பெருநாளுக்கு ஊர் வந்து ரிபன் வெட்டக்கூடிய எதற்கும் கொடுப்பார்கள். ஒக்டோபர் மாத மின்கட்டணத்துக்கும் சங்கீத ஆசிரியையின் சேமலாப நிதிக்கும் கொடுப்பவர் அரிது. ஆக, இந்தப் பணம் இயல்பிலேயே ஒரே தடவைப் பணம். அதைச் சம்பளத்துக்குத் திருப்பினால் மறைமுகமாகச் செய்ய வேண்டி வரும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு அதற்கு இடம் தரவில்லை. குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று விசுவாசிகள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது அதன் 1267ஆம் எண். கூரைக்கு வந்த பணத்தில் சம்பளம் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் பொருளாளர்கள் இதை ஒரு முறை வாசிக்கட்டும்.

இலவசமாக வந்த பொருளுக்கும் செலவு உண்டு. கணினி அறை வந்தால் குளிரூட்டி வரும். மட்டக்களப்பு வெயிலில் அது காலை முதல் ஓடும். கொடையாளி சூரிச் திரும்பியிருப்பார், பட்டியல் பாடசாலைக்கு வரும். எந்தக் கொடையை ஏற்கும் முன்பும் அதைப் பராமரிக்க வருடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, அந்தத் தொகையில் மூன்று வருடத்தையாவது கொடையோடு சேர்த்துக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

நாணய மாற்றும் கவனிக்க வேண்டியது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது வெளிநாட்டுப் பணம் திடீரெனப் பெருத்தது. அந்தச் சமயத்தில் நிலையான வைப்பு வட்டியும் 20 வீதத்தைத் தாண்டியது. வட்டியிலேயே பாடசாலையை நடத்தலாம் என்று கனவு கண்டவர்கள் உண்டு. வட்டி பின்னர் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. 8 வீத வட்டி என்றால், மாதம் 1,81,100 பற்றாக்குறையை வட்டியால் மட்டும் அடைக்க ஏறத்தாழ இரண்டு கோடியே எழுபத்திரண்டு இலட்சம் ரூபாய் வைப்பில் கிடக்க வேண்டும். அதன் மேல் வட்டிக்குப் பிடித்துவைக்கும் வரி 10 வீதம்.

களியாட்ட விழா, அதிர்ஷ்டலாபச் சீட்டு, உணவுத் திருவிழா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, ஆசிரியருக்கு ஒரு மாத வேலை, கையில் மிஞ்சுவது ஒரு மாதப் பற்றாக்குறையை அடைத்தால் பெரிய காரியம். சீட்டுப் புத்தகத்தை விற்க முடியாத குடும்பம் அதைத் தானே வாங்கிக்கொள்கிறது. அதுவும் ஒரு கட்டண உயர்வுதான், பெயர் வேறு.

ஆயர் இல்லத்தைக் கேட்கலாமே என்பவர்களுக்கு: திருகோணமலை–மட்டக்களப்பு மறைமாவட்டம் பிரிந்து மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இல்தான். சுனாமியும் போரும் கடந்த பங்குகளின் தேவைகள் அனைத்தும் அதே மேசைக்கு வருகின்றன. இன்னொன்றும் உண்டு. இது இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். கத்தோலிக்கப் பாடசாலை வகுப்பறையிலும் சைவப் பிள்ளைகள் நிறையப் பேர். ஞாயிறு காணிக்கையிலிருந்து பாடசாலைக்கு எவ்வளவு போகலாம் என்ற கேள்வி பங்குச் சபையில் எழும். எழுவதில் தவறில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கொடுப்பது சபையின் பணி என்பது என் பதில். ஆனால் அது விவாதித்து ஒப்புக்கொண்ட தொகையாக இருக்க வேண்டும், மாதக் கடைசியில் அவசரமாக எடுத்த தொகையாக இருக்கக்கூடாது.

*இந்த வழி பொருந்துமிடம்:* கூரை, மலசலகூடம், மதில், முன்சொன்ன இரண்டு மாதக் கையிருப்பு. மாதச் சம்பளத்துக்கு ஒருபோதும் இல்லை.

## வழி 3: வகுப்புகளை இணைப்பது

மாதிரிப் பாடசாலையில் ஐந்து தரம், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவு. சராசரி 18 பிள்ளைகள். நான்காம் தரத்தின் ஒரு பிரிவில் 14, மற்றதில் 15 என்றால் 29 பேரை ஒரே ஆசிரியர் பார்ப்பது பெரிய கொடுமை அல்ல. நகரத்து அரச பாடசாலை ஆசிரியர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஓர் ஆசிரியர் இடம் குறைந்தால் சம்பளம், நிதிகள், பணிக்கொடை ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து மாதம் ஏறக்குறைய 50,000 மிச்சம். இது நிலையான மிச்சம். முதல் அளவுகோலில் இந்த வழிக்குத்தான் முழுப் புள்ளி.

இரு பிரிவை ஒன்றாக்குவது ஒன்று. இரு தரங்களை ஒன்றாக்குவது வேறு. இரண்டாவது பல்தரக் கற்பித்தல். பின்தங்கிய கிராமங்களின் சிறிய பாடசாலைகளில் அதைத் திறமையாகச் செய்யும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்குத் தனிப் பயிற்சியும் தனி ஆயத்தமும் வேண்டும். கட்டணம் கட்டும் பெற்றோர் அதைப் பார்த்ததும் பிள்ளையை எடுத்துவிடுவார்கள். தரம் 5ஐ எதனோடும் இணைக்கக் கூடாது. புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்வரை அந்த வகுப்பைத் தொட எவரும் விடமாட்டார்கள்.

வெளியே தெரியாத செலவு சட்டத்தில் இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஆட்குறைப்புக்காக ஒருவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. நட்டஈடும் கொடுக்க வேண்டி வரும். "அடுத்த மாதம் முதல் வரவேண்டாம், டீச்சர்" என்று வாய்ச்சொல்லில் முடிக்கும் காரியம் இல்லை. கத்தோலிக்கப் பாடசாலைக்கு அது அழகும் இல்லை. ஒருவர் ஓய்வு பெறும்போதோ விலகும்போதோ அந்த இடத்தை நிரப்பாமல் விடுவதே நேர்மையான முறை. அதற்குக் காலம் எடுக்கும். எனவே யார் எப்போது ஓய்வு பெறுகிறார் என்ற பட்டியல் இன்றே தேவை.

ஒரு பக்கக் குறிப்பு: செலவு குறைப்பு என்றதும் முதலில் கை வைப்பது சங்கீதம், சித்திரம், நூலகம். பெற்றோர் அரச பாடசாலையை விட்டு இங்கே பணம் கட்டி அனுப்புவதே பெரும்பாலும் அவற்றுக்காகத்தான்.

*இந்த வழி பொருந்துமிடம்:* ஒரு தரத்தின் இரு பிரிவும் சேர்ந்தாலும் 30ஐத் தாண்டாத இடம். அதே வருடத்தில் ஓர் ஆசிரியர் விலகும் இடம்.

## வழி 4: ஆரம்பப் பிரிவை நிறுத்துவது

கூட்டத்தில் இதைச் சொல்பவரை எல்லோரும் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அவர் சொல்வதையும் கேட்டுவிடுவோம்.

அரச பாடசாலையில் கட்டணம் இல்லை. பாடநூல் இலவசம், சீருடைத் துணி இலவசம், ஆரம்பப் பிரிவுக்கு உணவுத் திட்டம் உண்டு. சமயம் அங்கேயும் கட்டாய பாடம். ஞாயிறு மறைக்கல்வி எப்படியும் நடக்கிறது. கத்தோலிக்கப் பெற்றோர் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று: அரசு பொறுப்பேற்ற பழைய மிஷன் பாடசாலைகளில் தரம் 1க்குச் சேர்க்கும்போது, பொறுப்பேற்ற காலத்தில் இருந்த சமய விகிதாசாரத்தைக் கருத்தில் எடுக்க வேண்டும் என்பது அனுமதிச் சுற்றறிக்கையில் இருக்கிறது. அதன் பிறகு, வெற்றிடங்களில் 50 வீதம் அருகில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே படிப்பவர்களின் சகோதரருக்கு என்ற பங்கீடு.

இப்போது மறுபக்கம். வீடு பாடசாலைக்கு அருகில் இல்லாத குடும்பத்துக்கு அந்த 50 வீதத்தில் இடமில்லை. தொலைவில் இடம் கிடைத்தால் வான் கட்டணம் வரும். மாலை நேர வகுப்புக் கட்டணமும் சேரும். தரம் 4, 5இல் அது இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் "இலவசம்" நாலாயிரத்துக்கு வெகு தூரத்தில் இல்லை என்று சில பெற்றோர் கண்டுகொள்வார்கள். உங்கள் தெருவிலிருந்து உங்கள் வான்காரரிடம் கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

பாடசாலைப் பக்கத்திலும் மூடுவது இலவசமல்ல. பதினொரு ஆசிரியரின் பணிக்கொடையும் நட்டஈடும் ஒரே நாளில் வந்து நிற்கும். ஒதுக்கி வைக்காதவர்கள் அன்றுதான் வருந்துவார்கள். காணியை விற்பதோ நீண்ட குத்தகைக்கு விடுவதோ பங்குத்தந்தையின் கையில் மட்டும் இல்லை. குறிப்பிட்ட பெறுமதிக்கு மேல் ஆயரும், அவருடைய நிதிக்குழுவும், ஆலோசகர் குழாமும் இணங்க வேண்டும். முன்பள்ளியை மட்டும் வைத்திருந்தால் அதுவாவது நிற்குமா என்றால், அதுவும் உறுதியில்லை. முன்பள்ளிக்குப் பிள்ளையைச் சேர்ப்பவர்களில் பலர் அப்படியே தரம் 1க்குப் போய்விடலாம் என்ற எண்ணத்தில்தான் சேர்க்கிறார்கள்.

*இந்த வழி பொருந்துமிடம்:* தரம் 1க்கு வரும் பிள்ளைகள் தொடர்ந்து மூன்று வருடமாகக் குறைந்து, பன்னிரண்டு பேருக்குக் கீழே போய், நடந்துபோகும் தூரத்தில் நல்ல அரச ஆரம்பப் பாடசாலையும் இருக்கும் இடம். அங்கே பிடிவாதமாக நடத்துவது பிள்ளைகளுக்கும் நல்லதல்ல.

## ஒரே பார்வையில்

| | கட்டணம் | வெளிநாட்டுப் பணம் | இணைப்பு | நிறுத்துதல் |
|---|---|---|---|---|
| பணத்தின் வகை | மாதாந்தம் | ஒரே தடவை | மாதாந்த மிச்சம் | மாதாந்தச் செலவு நின்றுபோகும் |
| சுமை யாருக்கு | பருவ வருமானக் குடும்பங்களுக்கு | கொடையாளருக்கு. பின்னர் பராமரிப்புக்கு | ஆசிரியருக்கு | தொலைவில் வசிக்கும் குடும்பங்களுக்கு |
| வகுப்பறையில் | சில முகங்கள் குறையும் | புதிய வசதிகள் | பெரிய வகுப்பு | வேறு பாடசாலை |
| மறைந்த செலவு | நிலுவை, விலகல் | மின்சாரம், திருத்தம் | சட்டம், நட்டஈடு | பணிக்கொடை, வான் கட்டணம் |
| திரும்பி வரலாமா | வரலாம் | வரலாம் | சிரமம் | இல்லை |

## நான் எதற்குக் கை தூக்குவேன்

மாதிரிப் பாடசாலையின் கூட்டத்தில் நான் இருந்தால்: வசூலைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றி 95 வீதமாக்குவது, கட்டணத்தை 4,400க்கு மேல் ஏற்றாமலிருப்பது, ஓய்வு பெறும் ஓர் ஆசிரியரின் இடத்தை நிரப்பாமல் நான்காம் தரத்தை ஒன்றாக்குவது. பற்றாக்குறை 61,600இலிருந்து ஏறத்தாழ 11,600 ஆகும். அதைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் மண்டபத்தை வாடகைக்கு விட்டு ஈட்ட முயலலாம். வெளிநாட்டுப் பணத்துக்கு இரண்டே வேலை: கூரை, கையிருப்பு.

வேறு பாடசாலையில் வேறு விடை வரும். வசூல் ஏற்கெனவே 97 வீதம் என்றால் என் யோசனையில் பாதி பயனற்றது. அங்கே கட்டணமோ இணைப்போதான் மிஞ்சும். சரியான கணக்கைப் பார்க்காமல் யாரும், நான் உட்பட, உங்களுக்கு வழி சொல்ல முடியாது. ஆகவே கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பக்கத் தாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போகட்டும். அதில் ஐந்து வரி போதும்: கட்டணமாக வரவேண்டிய தொகை, உண்மையில் வந்த தொகை, நிதிகளுடன் சேர்த்துச் சம்பளம், பணிக்கொடைக்கு ஒதுக்கியது, தரம் 1க்குக் கடந்த மூன்று வருடமும் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை. பெயர்கள் வேண்டாம்.

காலம் தவறினால் எந்த வழியும் கெட்டுவிடும். கட்டண மாற்றத்தைக் குறைந்தது ஒரு தவணைக்கு முன் அறிவிக்க வேண்டும். வகுப்பு இணைப்பை டிசெம்பர் விடுமுறைக்கு முன். ஆரம்பப் பிரிவை நிறுத்தும் யோசனை இருந்தால், அரச பாடசாலைகள் அடுத்த வருடத்துத் தரம் 1க்கு விண்ணப்பம் கோருவது வருட நடுப்பகுதியில். அதற்கு முன் அந்தச் செய்தி பெற்றோர் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். நவம்பரில் அறிவித்தால், புதிதாகச் சேரவிருந்த பிள்ளைகளின் பெற்றோர் ஜனவரியில் வலயக் கல்வி அலுவலகப் படியில் கடிதத்தோடு நிற்பார்கள்.